மெதடிஸ்ட் சபையில் பால்புதுமையர் ஏற்பு: சபைக் கூட்டத்தை நடத்தும் முறை

யுனைடெட் மெதடிஸ்ட் சபை ஒன்றில் "திருச்சபையின் புதிய சட்டங்களைப் பற்றியும் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி முதலியோர்) ஏற்பைப் பற்றியும் பேசக் கூடுகிறோம்" என்று அறிவிப்பு வந்தால், அந்தக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எதை யார் தீர்மானிப்பது என்பது ஒன்று. நாம் எப்படிப்பட்ட சபையாக இருக்கப்போகிறோம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை 'டிசிப்ளின்' எனப்படும் ஒழுங்குமுறை நூலில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை சபையாரிடம் இருக்கிறது. நூலில் உள்ளதை ஒன்றரை மணி நேரம் வாதாடிவிட்டு, மனிதர்களிடம் கேட்கவேண்டியதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் கைதூக்கச் சொல்லி முடிப்பார்கள். இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் பாழாவது அப்படித்தான்.

இந்த வழிகாட்டி அமெரிக்காவில் உள்ள யுனைடெட் மெதடிஸ்ட் சபைகளுக்கானது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபைகள் தன்னாட்சி பெற்றவை. இங்கே சொல்லப்படும் தீர்மானங்கள் அவற்றைக் கட்டுப்படுத்தா. சி.எஸ்.ஐ. பழக்கத்தில் வளர்ந்து அமெரிக்காவில் இச்சபைகளில் சேர்ந்த தமிழர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும்: பாஸ்டரேட் கமிட்டி, டயோசீசன் கவுன்சில், சினாட் என்ற ஏணியை இங்கே அப்படியே பொருத்திப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

எந்தக் கூட்டம் இது?

மூன்று வகை உண்டு. தகவல் சொல்லும் கூட்டம், ஒருவரையொருவர் கேட்கும் கூட்டம், தீர்மானம் எடுக்கும் கூட்டம். மூன்றையும் ஒரே நாளில் வைக்கவேண்டாம். முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வைக்கலாம். மூன்றாவதற்குக் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்தால் மக்கள் கேட்பதை நிறுத்திவிட்டு ஆள் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். கூட்ட அறிவிப்பிலேயே "இன்று வாக்கெடுப்பு கிடையாது" என்று தெளிவாக எழுதுங்கள். கூட்டத்தின் தொடக்கத்திலும் ஒருமுறை சொல்லுங்கள்.

எதை யார் தீர்மானிக்கிறார்கள்

இதை ஒரு தாளில் எழுதி எல்லார் கையிலும் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பாதிப் பேர் தவறாக நினைவில் வைத்திருப்பார்கள்.

திருச்சபை முழுவதற்கும் பேசும் அதிகாரம் பொது மாநாட்டுக்கு மட்டுமே உண்டு. வழக்கமாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும்; பிரதிநிதிகளில் சரிபாதி குருமார், சரிபாதி சபையார். பேராயர்கள் தலைமை தாங்குவார்கள், ஆனால் அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. திருச்சபைச் சட்டத்துக்குப் பொருள் சொல்வது ஒன்பது பேர் கொண்ட திருச்சபையின் சொந்த நீதி மன்றம். குருவாக யாரை ஏற்பது என்பது, ஒரு பகுதியின் சபைகள் சேர்ந்த ஆண்டு மாநாட்டின் வேலை. எந்தப் போதகர் எந்தச் சபைக்கு என்று நியமிப்பவர் பேராயர். ஒரு திருமணத்தை நடத்துவதா வேண்டாமா என்பது அந்தப் போதகரின் முடிவு.

ஆகவே "நம் போதகர் ஒருபாலினத் திருமணம் நடத்தலாமா?" என்று சபையில் வாக்கெடுக்க முடியாது. நடத்தியதற்காகவும், நடத்த மறுத்ததற்காகவும் போதகரைத் தண்டிக்கக் கூடாது என்பதே, தடைகளை நீக்கிய 2024 பொது மாநாட்டுக்குப் பிந்தைய விதி. பேராயரின் கீழ் ஒரு மாவட்டத்தின் சபைகளைக் கவனிக்கும் மாவட்டக் கண்காணிப்பாளர் அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது, தடுக்கவும் முடியாது. "தன்பாலீர்ப்பாளர் போதகராக வந்தால் வேண்டாம் என்று சொல்லலாமா?" என்ற கேள்வியும் வரும். நியமனம் பேராயருடையது, சபை தன் தேவைகளை எடுத்துச் சொல்லலாம், ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கட்டடம் பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. சொத்தைப் பராமரிப்பவர்கள் டிரஸ்டிகள். ஆனால் போதகர் வழிபாட்டுக்காகக் கட்டடத்தைப் பயன்படுத்துவதை அவர்கள் தடுக்கக் கூடாது என்று டிசிப்ளின் சொல்கிறது. வெளியாருக்கு வாடகைக்கு விடும் விதிகளோ வேறு. இந்த இடத்தில் மேடையில் நின்று யூகிக்காதீர்கள். கூட்டத்துக்கு முன்பே மாவட்டக் கண்காணிப்பாளரிடம் கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

"அப்படியானால் நாம் பிரிந்து போகலாமா?" என்று ஒருவராவது கேட்பார். கட்டடத்தோடு வெளியேற 2019-இல் தரப்பட்ட 2553-ஆம் பத்தி 2023 டிசம்பர் 31-உடன் காலாவதியானது. 2024 பொது மாநாடு அதை நூலிலிருந்தே எடுத்துவிட்டது. சபையின் சொத்து திருச்சபைக்காகவே பொறுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற டிரஸ்ட் விதி இன்னும் இருக்கிறது. இதைக் கோபமில்லாமல், சுருக்கமாகச் சொல்லுங்கள். கேட்பவர் பெரும்பாலும் பயத்தில் கேட்கிறார்.

இவ்வளவும் போனபிறகு சபையின் கையில் மிஞ்சுவது குறைவு என்று தோன்றும். அப்படியில்லை. யாரை வரவேற்கிறோம் என்று பெயர் சொல்லி அறிவிக்கலாம். ஞாயிறு பள்ளிப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். பட்ஜெட் ஒதுக்கலாம். தலைமைப் பொறுப்புகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம். பொது மாநாட்டுக்கு மனுவும் அனுப்பலாம்.

ஒரு பக்கக் காலவரிசை

வரலாற்றை ஒரே பக்கத்தில் அடக்குங்கள். இதைவிட நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

1968-இல் மெதடிஸ்ட் சபையும் எவாஞ்சலிக்கல் யுனைடெட் பிரதரன் சபையும் டாலஸில் இணைந்து இந்தத் திருச்சபை பிறந்தது. 1972-இல் அட்லாண்டா பொது மாநாடு, தன்பாலீர்ப்பு நடத்தை "கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது" என்ற வரியை, சமூகப் பிரச்சினைகளில் திருச்சபையின் நிலையைச் சொல்லும் சமூகக் கோட்பாடுகளில் சேர்த்தது. 1984-இல் தன்பாலீர்ப்பாளருக்குக் குருப்பட்டம் தரத் தடை வந்தது. 2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் சிறப்பு மாநாட்டில், தடைகளை இறுக்கும் 'பாரம்பரியத் திட்டம்' 438-க்கு 384 என்ற வாக்கில் வென்றது. 2020-இல் கூடவேண்டிய பொது மாநாடு கோவிட் காரணமாகத் தள்ளித் தள்ளிப் போய், 2024 ஏப்ரல் 23 முதல் மே 3 வரை வட கரோலினாவின் சார்லட் நகரில் கூடியது. அங்கே குருப்பட்டத் தடையை நீக்கும் தொகுப்பு 692-க்கு 51 என்று நிறைவேறியது. மறுநாள் 1972-இன் அந்த வரியும் 523-க்கு 161 என்று போனது. 52 ஆண்டுகள் அது நூலில் இருந்தது.

இந்த எண்களைக் காட்டும்போது இரண்டு விஷயங்களை நேர்மையாகச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று, 2019-க்கும் 2023-க்கும் இடையில் அமெரிக்காவில் 7,600-க்கும் மேற்பட்ட சபைகள், அதாவது சுமார் கால்பங்கு, வெளியேறிவிட்டன. "எதிர்த்தவர்கள் போய்விட்டதால்தான் இது நிறைவேறியது" என்று ஒருவர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. மறுத்துப் பேசினால் மற்ற எண்களையும் நம்பமாட்டார்கள். இரண்டு, 692 வாக்கு பெற்ற தொகுப்பு விவாதமே இல்லாமல் போனது. குழுக்களில் பெரிய எதிர்ப்பில்லாமல் வந்த மனுக்களைச் சேர்த்து ஒரே வாக்கில் நிறைவேற்றும் முறை அது. "விவாதிக்கவே விடவில்லை" என்ற குறை எழுந்தால் இந்த முறையை விளக்குங்கள்.

ஐவரி கோஸ்ட்டின் பெரிய மெதடிஸ்ட் சபை 2024 மே மாதத்திலேயே பிரிந்து போனதையும் தாளில் எழுதுங்கள். ஒரு தரப்புக்கு விடுதலையாகத் தெரிவது இன்னொரு தரப்புக்கு இழப்பாகவும் இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் இடம்பெறவேண்டும்.

வட்டாரமயம்: அதிகம் குழம்பும் இடம்

ஆளுகை பற்றிய பகுதியில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களின் மத்திய மாநாடுகளுக்குத் தங்கள் சூழலுக்கு ஏற்ப டிசிப்ளினின் சில பகுதிகளை மாற்றிக்கொள்ளும் உரிமை முன்பே இருந்தது. அமெரிக்காவுக்கென்று அப்படி ஓர் அமைப்பு இல்லை. அதனால் அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய விஷயங்களுக்கும் உலக மாநாடு முழுவதும் உட்கார்ந்து வாக்களித்தது. வட்டாரமயம் அமெரிக்காவையும் ஒரு வட்டாரமாக்கி, எல்லா வட்டாரங்களுக்கும் ஒரே அளவு அதிகாரம் தருகிறது. திருச்சபையின் அரசியல் சட்டமும் கோட்பாட்டு அளவுகோல்களும் எல்லாருக்கும் பொதுவாகவே நீடிக்கும்.

ஒரே வீட்டில் அடுப்பு மட்டும் தனித்தனி என்று சொன்னால் தமிழ் மூத்தோருக்கு உடனே புரியும். ஆனால் உடனே அவர்கள் "அப்படியானால் இது பாகப்பிரிவினையின் முதல் படியா?" என்று கேட்பார்கள். அந்த அச்சத்துக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1939 முதல் 1968 வரை கறுப்பின மெதடிஸ்டுகளை 'சென்ட்ரல் ஜூரிஸ்டிக்‌ஷன்' என்று நிறத்தால் பிரித்து வைத்த அமைப்பை இந்தத் திருச்சபை மறக்கவில்லை. "வட்டாரம்" என்ற சொல்லைக் கேட்டு ஒரு கறுப்பின உறுப்பினர் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு நேரம் கொடுங்கள்.

அரசியல் சட்டத் திருத்தமானதால் இதற்குப் பொது மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கிடைத்தது 586-க்கு 164. பிறகு உலகெங்கும் உள்ள ஆண்டு மாநாட்டு உறுப்பினர்களின் மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எத்தனை மாநாடுகள் ஆதரித்தன என்பது கணக்கல்ல, தலைகளின் மொத்தமே கணக்கு. 2025-இல் அதுவும் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவோடு கிடைத்தது.

எல்லாக் கூட்டத்திலும் வரும் பிழை ஒன்று: "வட்டாரமயத்தால்தான் ஒருபாலினத் திருமணம் அனுமதிக்கப்பட்டது." தவறு. தடைகள் நீங்கியது தனி வாக்குகளில், திருத்தம் உறுதியாகும் முன்பே. திருமணத்திலும் குருப்பட்டத்திலும் பழைய நிலையைக் காக்க விரும்பும் வட்டாரங்களுக்கும் வட்டாரமயம் இடம் தருகிறது. இதைக் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் விடுங்கள்.

கேட்கும் கூட்டம்

மேசைக்கு ஆறு முதல் எட்டுப் பேர். வட்ட மேசையாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், நடுவில் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நெறியாளர், ஒரு நேரக்காப்பாளர். போதகர் நெறியாளராக இருக்கக் கூடாது. அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளை இரு தரப்புக்கும் மருத்துவமனையில் ஜெபிக்க வேண்டியவரும் அவரே. பக்கத்துச் சபையிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவரைக் கேட்டு வாங்குங்கள்.

ஆராதனை முடிந்த கையோடு வைத்தால் ஆட்கள் இருப்பார்கள், ஆனால் பசியோடு இருப்பார்கள். முதலில் சாப்பாடு போடுங்கள். பிறகு இரண்டு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். ஜெபத்துக்கும் உடன்படிக்கைக்கும் 15 நிமிடம், மேசையில் மூன்று சுற்று, சுற்றுக்கு 20 முதல் 25 நிமிடம், ஒவ்வொருவரும் தம் கருத்தை அட்டைகளில் எழுத 10 நிமிடம், இடையில் 10 நிமிட ஓய்வு, மீதி முடிவுக்கு.

உடன்படிக்கைக்குப் புதிதாக விதி எழுதவேண்டாம். ஜான் வெஸ்லி 1743-இல் எழுதிய மூன்று பொது விதிகள் போதும்: தீமை செய்யாதே, நன்மை செய், தேவன் நியமித்த வழிகளில் நிலைத்திரு. இரு தரப்பும் தங்களுடையதென்று சொல்லிக்கொள்ளும் விதிகள் இவை. ஒவ்வொன்றுக்கும் இந்த அறையில் என்ன பொருள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். "தீமை செய்யாதே" என்றால், இங்கே இல்லாதவரைப் பற்றி அவர் பெயர் சொல்லிப் பேசமாட்டோம்.

ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு இரண்டு நிமிடம். சிறு சிலுவையோ கல்லோ கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசவேண்டும். மற்றவர்கள் பதில் சொல்லக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. முதல் சுற்றில் இது செயற்கையாகத் தோன்றும். இரண்டாம் சுற்றில் குரல்கள் தணியும். பேச விரும்பாதவர் பொருளை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்.

கேள்விகளை எழுதுவதில் கவனம் வேண்டும். "தன்பாலீர்ப்பு பாவமா?" என்று கேட்டால் அறை இரண்டாகும். "இந்தச் சபையில் நீங்கள் முழுமையாக ஏற்கப்பட்டதாக உணர்ந்த தருணம் எது?" என்பது முதல் சுற்றுக்கு. "நம் முடிவு எதுவானாலும், நீங்கள் எதை இழப்பீர்கள் என்று அஞ்சுகிறீர்கள்?" என்பது இரண்டாவதற்கு. "பால்புதுமைக் குடும்பம் ஒன்று அடுத்த ஞாயிறு கதவைத் திறந்து உள்ளே வந்தால், அவர்கள் எதைப் பார்க்கவேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்பது மூன்றாவதற்கு.

வரிசையில் நின்று பேசும் மைக் வைக்காதீர்கள். துணிச்சலுள்ள நான்கு பேர் மட்டும் பேசுவார்கள். ஒவ்வொருவரும் முந்தியவருக்குப் பதில் சொல்வார்கள். பாதிக்கப்பட்டவர் கடைசி வரிசையில் எழுந்து வெளியே போவார். கைதூக்கி நாடிபிடிக்கும் வாக்கும் வேண்டாம். வசனப்போர் தொடங்கினால், வேதாகமம், மரபு, பகுத்தறிவு, அனுபவம் என்று மெதடிஸ்டுகள் நான்கு வழியிலும் யோசிப்பதை நெறியாளர் நினைவூட்டி, வசன ஆய்வுக்குத் தனி நாள் குறித்துக்கொடுக்கவேண்டும். கொடுத்த நாளில் நடத்தவும் வேண்டும்.

பால்புதுமையர் யாரையும் "உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்" என்று எழுப்பாதீர்கள். தன்னை வெளிப்படுத்துவதும் வெளிப்படுத்தாததும் அவரவர் உரிமை. மகனோ மகளோ தன்பாலீர்ப்பாளர் என்பதை யாரிடமும் சொல்லாத பெற்றோர் ஏதோ ஒரு மேசையில் இருக்கக்கூடும். இளைஞர் குழுவில் ஒரு பிள்ளை மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணியே ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசவேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் கிடையாது. பக்கத்து அறையில் இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தண்ணீரும் கைக்குட்டையும் வைத்துக் காத்திருக்கட்டும். மனம் உடைந்து வெளியே வருபவர் தனியாக வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கக் கூடாது.

சொற்கள்

தமிழ் பேசும் மூத்தோர் இருந்தால் அவர்களுக்கு மேசையிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த மேசைக்கு இரண்டு நிமிடத்துக்குப் பதில் நான்கு நிமிடம். முன்கூட்டியே சொற்களை முடிவுசெய்யுங்கள். 'ஓரினச்சேர்க்கையாளர்' என்பது ஓர் ஆளை ஒரு செயலாகக் குறுக்கிவிடுகிறது, 'தன்பாலீர்ப்பாளர்' நல்லது. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவை. தமிழ்நாடு அரசு 2022-இல் இதற்கென ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. மொழிபெயர்ப்பாளர் அதை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். பழைய வசைச்சொல் ஒன்று மூத்தவர் வாயில் பழக்கத்தால் வந்துவிட்டால், மொழிபெயர்ப்பாளர் சரியான சொல்லை அமைதியாகச் சொல்லித் தொடரவேண்டும். எல்லார் முன்னும் திருத்தினால் அந்த ஐயாவோ அம்மாவோ அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

தீர்மானம் எடுக்கும் நாள்

இது சார்ஜ் கான்பரன்ஸாகவோ சர்ச் கான்பரன்ஸாகவோ இருக்கவேண்டும். முன்னதில் பொறுப்பாளர்களுக்கு மட்டும் வாக்கு. பின்னதில் விசுவாச அறிக்கை செய்த எல்லா உறுப்பினருக்கும் வாக்கு. இந்த விஷயத்துக்குச் சர்ச் கான்பரன்ஸையே கேளுங்கள். தலைமை தாங்குவது மாவட்டக் கண்காணிப்பாளர் அல்லது அவர் அனுப்பும் குரு. குறைந்தது 10 நாள் முன்பே, ஆராதனையில் ஒருமுறை, வாரத்தாளிலோ தபாலிலோ ஒருமுறை என்று இரண்டு வழியில் அறிவிக்கவேண்டும். முறையாக அறிவித்தபின் வந்திருப்பவர்களே குவோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கை). அறிவிப்பில் பிழை இருந்தால் மொத்தத் தீர்மானத்தையும் கேள்விக்குள்ளாக்கலாம், ஆகவே தேதி போட்ட வாரத்தாளின் பிரதியைக் கோப்பில் வையுங்கள்.

வரவேற்பு அறிக்கையில் "எல்லாரையும் வரவேற்கிறோம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அதே பலகை தொங்கிய வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பெயர் சொல்லுங்கள்: "எந்தப் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் கொண்டவர்களும் அவர்களின் குடும்பங்களும் இச்சபையின் வழிபாட்டிலும் திருவிருந்திலும் ஊழியத்திலும் தலைமையிலும் முழுப் பங்குள்ளவர்கள்." அறிக்கை சபையின் சொந்த வாக்கியமாக இருக்கட்டும். வெளி இயக்கம் ஒன்றின் பெயரைச் சபைக்குச் சூட்டிக்கொள்வதை நீதி மன்றம் 1999-இல் 871-ஆம் தீர்ப்பில் தடுத்தது. இயக்கப் பெயரைச் சேர்க்க விரும்பினால் கண்காணிப்பாளரிடம் முதலில் பேசுங்கள்.

சட்டப்படி சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் 51-க்கு 49 என்று வென்ற வரவேற்பை நம்பி ஒரு பிள்ளை உள்ளே வந்தால், பாதிப் பேரின் முகத்தை அது சந்திக்கவேண்டியிருக்கும். நான்கில் மூன்று பங்கு கிடைக்காவிட்டால் அறிக்கையை வெளியிடாமல் ஆறு மாதம் மேலும் பேசுவோம் என்று வாக்குக்கு முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைப் பார்த்தபிறகு அளவுகோலை மாற்றக் கூடாது. வாக்கு சீட்டில், மூடிய பெட்டியில். எண்ணுவதற்கு இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர். வராதவருக்காக மற்றவர் வாக்களிக்க முடியாது என்பதை முந்தின ஞாயிறே அறிவியுங்கள். முடிவைப் படிக்கும்போது கைதட்டவேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படித்தவுடன் ஒரு நிமிட மௌனம், பிறகு ஜெபம்.

பொது மாநாட்டுக்கு மனு அனுப்புவதாக முடிவானால், அடுத்தது 2028-இல் மினியாபொலிஸில். ஒரு மனு ஒரே பத்தியை அல்லது ஒரே விஷயத்தைத் தொடவேண்டும். மாநாடு தொடங்கும் நாளுக்கு 230 நாள் முன்பே போய்ச் சேரவேண்டும். இரண்டு விஷயத்தை ஒரே தாளில் எழுதியதாலேயே பல மனுக்கள் தள்ளுபடியாகின்றன.

அடுத்த இரண்டு வாரம்

கேட்கும் கூட்டத்தில் எழுதப்பட்ட அட்டைகளைத் திருத்தாமல், பெயரில்லாமல் தட்டச்சு செய்து எல்லாருக்கும் அனுப்புங்கள். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரம் இருந்தால், எழுதியவரைத் தேடாமல் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். விடை தெரியாமல் ஒதுக்கிவைத்த கேள்விகளுக்கு 14 நாளுக்குள் எழுத்தில் பதில் போகவேண்டும். கூட்டத்தின் நடுவில் எழுந்து போனவர்களை, எந்தத் தரப்பானாலும், 48 மணி நேரத்துக்குள் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். தொலைபேசியில் வேண்டாம். விவாதத்தைத் தொடரவும் வேண்டாம். நலம் விசாரித்து, ஜெபிக்கலாமா என்று கேட்டு, அவர் வேண்டாமென்றால் காபி குடித்துவிட்டு வந்தால் போதும்.